பொகாச்சரை மட்டும் பார்த்தால் போதாது

2026ஆம் ஆண்டின் சாலை சைக்கிளோட்டப் பருவத்தில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், ஐரோப்பிய விளையாட்டு ஏடுகளிலும் ஈப்போ சைக்கிள் கடைகளிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது. முதலில் ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர். அவருக்கு எதிராக டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர். அடுத்து, ரெட் புல் அணிக்கு மாறியிருக்கும் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல். வருங்காலத்துக்கென்று பதின்ம வயதுப் பிரெஞ்சுக்காரர் போல் செய்ஷாஸ். பட்டியல் அதோடு முடிகிறது. சொல்லாமல் விடப்படும் முடிவுகளும் அதற்குள் இருக்கின்றன: மலேசியாவின் லங்காவி சைக்கிளோட்டப் போட்டி இரண்டாந்தரம், பேராவின் சாலைகளில் அது கடந்துபோகும்போது பார்க்க வேண்டியது எதுவும் இல்லை, மலேசியர் உடலுக்கு வெலோட்ரோம் என்ற வளைய ஓடுதளம்தான் ஒத்துவரும், தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழருக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான்கு கூற்றுகளும் தவறு. எல்லாம் ஒரே அளவுக்குத் தவறல்ல என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை.

கூற்றுகளுக்கு முன் பட்டியல்: அதன் உச்சியில் இருப்பவரைப் பற்றிச் சண்டை கிடையாது. 2025ல் பொகாச்சர் நான்காவது முறையாகப் பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்றார். விங்கெகோரை விட 4 நிமிடம் 24 விநாடி முன்னிலை. செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக நடந்த உலகச் சாலைப் போட்டியிலும் தங்கம். அக்டோபரில் லொம்பார்டியா பந்தயத்தில் தொடர்ந்து ஐந்தாவது வெற்றி. இப்படிப்பட்டவரைக் கவனியுங்கள் என்று எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கேமரா அவரை விட்டு நகர்வதே இல்லை. எல்லோரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவரைப் பார்க்கச் சொல்லும் பட்டியலால் வாசகருக்கு என்ன பயன்? எங்கே பார்க்கத் தெரியவில்லையோ அங்கே கண்ணைத் திருப்பிவிடுவதுதான் முன்னோட்டம் எழுதுபவரின் வேலை.

அந்த வேலையைப் பட்டியல்கள் எவ்வளவு மோசமாகச் செய்கின்றன என்பதற்கு 2025ஆம் ஆண்டின் இத்தாலியச் சுற்றுப்போட்டி போதும். மெக்சிகோவின் 21 வயது இசாக் டெல் டோரோ பதினொரு நாள்கள் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியோடு இருந்தார். கடைசிக்கு முந்தைய நாளில் அவருக்கு அடுத்த இடத்தில் எக்வடோரின் ரிச்சர்ட் கரபாஸ்; மூன்றாவதாக, 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கி, பிரிட்டனின் சைமன் யேட்ஸ். அன்றைய ஏற்றம் ஃபினஸ்த்ரே. மேற்பாதி தார் போடாத சரளைச் சாலை, உச்சி 2,178 மீட்டர். யேட்ஸ் எகிறிப் பாய்ந்தபோது டெல் டோரோவும் கரபாஸும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். துரத்தும் சுமையை யார் ஏற்பது என்ற பிடிவாதத்தில் இருவருமே பந்தயத்தைத் தொலைத்தார்கள். ஆனால் அன்று யேட்ஸை வெல்ல வைத்த ஆள் வேறொருவர். அவருடைய அணித்தோழர் வவுட் வான் ஆர்ட் காலையிலேயே பிரிந்து முன்னேறிய குழுவில் சேர்ந்திருந்தார். கட்டத்தை, அதாவது அன்றைய ஓட்டத்தை, வெல்வது அவர் நோக்கமாக இருக்கவில்லை. மலைக்கு அப்பால் ஆள் தேவைப்படும் என்பதற்காகவே போனார். யேட்ஸ் உச்சியைத் தாண்டி இறங்கியதும், செஸ்த்ரியேரே செல்லும் நீண்ட பள்ளத்தாக்குச் சாலையில் அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து இழுத்துச் சென்றார் வான் ஆர்ட். இறுதியில் யேட்ஸ் 3 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் சுற்றுப்போட்டியையே வென்றார். அன்று காலை மூன்றாம் இடத்துக்காரரைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. வான் ஆர்ட் ஏன் முன்னால் போகிறார் என்று கேட்டிருந்தவருக்கு மட்டும் மாலையில் நடக்கப்போவது பாதி விளங்கியிருக்கும்.

இது ஒரு நாள் விபத்து என்று தள்ளிவிட முடியாது. பொகாச்சரே 2020 பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் இப்படித்தான் வந்தார். அப்போது எல்லோர் கண்ணும் சக நாட்டவரான பிரிமோஸ் ரோக்லிச் மீது இருந்தது. கடைசிக்கு முந்தைய நாளின் தனிநபர் நேர ஓட்டம் தொடங்கும்போது பொகாச்சர் 57 விநாடி பின்தங்கியிருந்தார். முடியும்போது 59 விநாடி முன்னிலையில் இருந்தார், 22ஆவது பிறந்தநாள் வருவதற்குள்ளாகவே. இன்று பட்டியலை ஆள்பவர் அன்றைய பட்டியலைக் கிழித்தவர். கிகாலியின் பெண்கள் சாலைப் பந்தயம் இன்னும் துலக்கமான சான்று. எதிர்பார்க்கப்பட்டவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் கட்டிப்போட, அணித்தலைவிகளுக்கு உழைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த 24 வயதுக் கனடியர் மக்டலின் வாலியேர் உலகச் சாம்பியன் ஆனார்.

இந்தத் திருப்பங்களுக்கு அடியில் இயற்பியல் இருக்கிறது. தட்டையான சாலையில் சைக்கிளோட்டியின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் தலைமையில் 2018ல் வெளிவந்த ஆய்வு, 121 பேர் கொண்ட கூட்டத்தைக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் சோதித்தது. கூட்டத்தின் நடுவயிற்றில் ஓடுபவர் மீது படும் காற்றுத்தடை, தனியாக ஓடுபவர் மீது படுவதில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று அது கண்டது. அதாவது வெற்றி பெறப்போகும் ஆள் ஐந்து மணி நேரம் ஏறத்தாழ இலவசப் பயணம் செய்கிறார். அவருக்கான காற்றை வேறு யாரோ சுமக்கிறார். ஒருவர் உழைப்பை இன்னொருவர் பெயரில் வரவு வைக்கும் விளையாட்டு இது. முதல் பெயரை மட்டும் அச்சிடும் பட்டியல் கணக்கில் பாதியைத்தான் காட்டுகிறது.

ஆகவே 2026ல் பெயர் சொல்லிப் பார்க்க வேண்டியவர்களில் ஜெர்மனியின் நில்ஸ் போலிட் ஒருவர். பொகாச்சரின் அணிக்காக, பிரிந்துபோன குழு எவ்வளவு தூரம் போகலாம் என்று தீர்மானித்து, பெருங்கூட்டத்தின் மூக்கில் மணிக்கணக்கில் நிற்பவர். அவர் விலகி ஒதுங்கும் இடத்தைக் குறித்து வைத்தால் பொகாச்சர் எப்போது பாய்வார் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். சுவிட்சர்லாந்தின் சில்வான் டிலியே அல்பெசின் அணிக்கு அதே வேலையைச் செய்கிறார். வேகவோட்டக்காரர் ஜாஸ்பர் பிலிப்சன் கடைசி 200 மீட்டரில் கைதூக்கும் நாள்களில், அதற்கு முந்தைய 150 கிலோமீட்டர் டிலியேயின் கணக்கு. தொலைக்காட்சியில் கடைசி முப்பது நிமிடத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த இருவரும் கண்ணில் படவே மாட்டார்கள். அதற்குள் அவர்கள் வேலை முடிந்து பின்னால் போயிருப்பார்கள்.

செய்ஷாஸ் போன்ற இளையவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2025ல் அவர் 19 வயதுக்குள் இளையோருக்கான லவெனீர் சுற்றுப்போட்டியை வென்றார். ஐரோப்பியப் போட்டியில் பொகாச்சருக்கும் எவனபூலுக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார். திறமை உண்மை. ஆனால் 1985ல் பெர்னார் இனோ வென்றதற்குப் பிறகு பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் பிரெஞ்சுக்காரர் எவரும் வெல்லவில்லை. அந்தப் பசியைத் தீர்க்கும் சுமையை ஒரு பையன் தோளில் ஏற்றுவதற்கும் அவரைக் கவனிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

முதல் கூற்று மலேசியாவுக்குள் இருந்தே எழுவது: பெரிய பெயர்கள் வராத லங்காவி போட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? இதற்கு வெற்றியாளர் வரிசையே பதில். 1996ல் தொடங்கிய அந்தப் போட்டியை 2000ல் வென்றவர் அமெரிக்காவின் கிறிஸ் ஹோர்னர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, தம் 41ஆம் வயதில், அவர் ஸ்பெயின் சுற்றுப்போட்டியை வென்று உலகத்தை வாய்பிளக்க வைத்தார். 2013ல் வென்ற கொலம்பியாவின் ஹூலியான் அரெதோண்டோ மறு ஆண்டே இத்தாலியில் ஒரு கட்டத்தையும் மலை அரசர் ஜெர்சியையும் தட்டிச் சென்றார். 2014ல் இங்கே இரண்டாவதாக வந்த எரித்ரியாவின் மெர்ஹாவி குதூஸ், அடுத்த ஆண்டு பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் கால்வைத்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் இருவரில் ஒருவர். ஆஸ்திரேலியாவின் காலெப் யூவன், தொழில்முறைக்கு வந்த முதல் ஆண்டான 2015ல், இங்கே கட்டங்களை வென்றுவிட்டுத்தான் ஐரோப்பாவில் பெயர் எடுத்தார். 2024ல் வென்ற பிரிட்டனின் மேக்ஸ் பூல் 2025 இத்தாலியச் சுற்றில் பதினோராவது. பட்டியல்கள் ஓரிரு ஆண்டு தாமதமாகக் கண்டுபிடிக்கும் பெயர்களை லங்காவி முன்னதாகவே காட்டியிருக்கிறது. நாளைய பெயர்களை இன்றே பார்க்க விரும்புபவர் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை; சாலையோரம் நின்றால் போதும்.

எந்தச் சாலையில் நிற்பது என்ற கேள்வி இரண்டாவது கூற்றுக்குக் கொண்டுபோகிறது, அங்கே பேராவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கேமரன் மலைக்கு இம்மாநிலத்திலிருந்து இரண்டு வழிகள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து போவது. அடுத்த வளைவைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது புதியது, அகலமானது. அதில் நிழல் குறைவு, காய்கறி லாரிகள் அதிகம். இரண்டும் கடல் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து தொடங்கி 1,400 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகின்றன. ஆல்ப்ஸின் பல ஏற்றங்களை விட அதிக உயரம்தான். ஆனாலும் கேமரன் ஏற்றம் பெரும்பாலும் சாய்வு குறைந்தது, அறுபது கிலோமீட்டருக்குப் பரந்து கிடப்பது. சாய்வு குறையக் குறைய வேகம் கூடும். வேகம் கூடினால் காற்று மறுபடி கணக்குக்குள் வந்துவிடும். பின்னால் ஒளிந்துகொள்பவருக்கு இந்த மலை இரங்கும். லங்காவி போட்டியின் இன்னோர் ஏற்றமான கெந்திங் மலை அப்படியல்ல. கோத்தோங் ஜெயாவைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக நிமிர்கிறது. யார் முதுகும் யாரையும் காப்பாற்றாது. எடைக்கேற்ற வலு உள்ளவர் மட்டுமே மிஞ்சுவார். லங்காவி போட்டியின் பல பதிப்புகள் கெந்திங்கில் தீர்ந்தது இதனால்தான். முடிவு தெரிய வேண்டுமானால் கெந்திங் போகலாம். பந்தயம் எப்படி நடத்தப்படுகிறது, எந்த அணிக்கு எத்தனை ஆள் மிஞ்சியிருக்கிறார்கள், யார் யாருக்காக உழைக்கிறார் என்று பார்க்க கேமரன் சாலையே மேல்.

போட்டியின் காலமும் மாறிவிட்டது. முன்பு பருவத் தொடக்கமான பிப்ரவரி, மார்ச்சில் நடந்தபோது ஐரோப்பியர் பலர் கால்களைச் சூடேற்ற வந்தார்கள். 2022 முதல் அது செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபருக்கும் நகர்ந்துவிட்டது. ஆண்டிறுதியில் அணிகள் எண்ணுவது புள்ளிகளை. அனைத்துலகச் சைக்கிளோட்டச் சம்மேளனம், ஓர் அணியின் முதல் இருபது பேர் மூன்று ஆண்டுகளில் சேர்க்கும் புள்ளிகளைக் கொண்டு எந்த அணி உயர்தட்டில் இருக்கும், எது இறங்கும் என்று தீர்மானிக்கிறது. பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்றால் 1,300 புள்ளி; லங்காவி தரத்திலுள்ள போட்டியை வென்றால் 200. பெரிய போட்டிகளில் பொகாச்சரின் அணி வாரிக்கொண்டு போன பிறகு, தங்கள் இடத்துக்கு அஞ்சும் அணிகளுக்கு ஆண்டின் கடைசியில் இந்த 200 உயிர்மூச்சு. 2026 புதிய மூவாண்டுக் கணக்கின் முதல் ஆண்டு, ஆகவே அச்சம் சற்றுத் தணிந்திருக்கும். ஆனாலும் சுற்றுலா மனநிலையில் எவரும் வரமாட்டார்கள்.

மூன்றாவது கூற்று மிகவும் பரவியது, மிகவும் தீங்கானது: மலேசியரால் சாலையில் முடியாது, உடம்பு அப்படி. ஆதாரமாகக் காட்டப்படுவது அஸிஸுல்ஹஸ்னி அவாங். ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் என்ற ஓட்டத்தில் வெண்கலம், 2017ல் உலகச் சாம்பியன், தோக்கியோவில் வெள்ளி. எல்லாம் வெலோட்ரோம் பலகை மீது. ஆனால் அந்தப் பதக்கங்களுக்குப் பின்னால் இருப்பது உடம்பு மட்டும்தானா? பல ஆண்டுகள் மெல்பர்னில் தங்கி, ஜோன் பீஸ்லி என்ற ஒரே பயிற்றுநரின் கீழ், உலகத்தரத்து எதிராளிகளோடு தினமும் மோதிப் பெற்றவை அவை. திரெங்கானுவின் டுங்கூனில் பிறந்தவரிடம் கெய்ரினுக்கென்று தனி எலும்பு ஒன்றும் இல்லை; அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. சாலையோட்டத்துக்கு அதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய நீண்ட திட்டம் ஒன்று இல்லாத நிலையில், விளைவின் வேறுபாட்டை உடம்பின் மேல் ஏற்றுவது நேர்மையான கணக்கல்ல.

சாலை வரலாறும் காலியாக இல்லை. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் சாலைப் பந்தயத் தங்கம் மலேசியாவின் இங் ஜூ ஙானுக்கு. 2010ல் அனுவார் மானான் லங்காவி போட்டியில் கட்டம் வென்ற முதல் மலேசியர் ஆனார். அவருக்குப் பின் ஹாரிஃப் சாலே அதைச் செய்தார். 2014ல் லோ சீ கியோங், உயர்தட்டு அணியான ஜயன்ட்-ஷிமானோவில் ஒப்பந்தமான முதல் மலேசியர். அதே அணியில் அதே ஆண்டு ஓடிய சீனாவின் ஜீ செங் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே முகம் கொடுப்பவர். பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் ஓடிய முதல் சீனரான அவர் 2014ல் கடைசி இடம், 164ஆவது. முதல்வரை விட ஆறு மணி நேரத்துக்கும் மேல் பின்னால். பட்டியல் மொழியில் இதற்குத் தோல்வி என்று பெயர். ஆனால் பிரிந்துபோகும் குழுக்களைத் துரத்திப் பிடிப்பதில் அவர் காட்டிய விடாப்பிடிக்காகவே அணி அவரைக் கொண்டுபோனது. அவர் துரத்திப் பிடித்துக் கொடுத்த அந்தச் சுற்றில் அவருடைய தலைவர் மார்செல் கிட்டல் நான்கு கட்டங்களை வென்றார். கடைசி இடத்துக்காரர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வேலை செய்திருந்தார்.

ஆசிய உடம்பு என்ற வாதம் கசகஸ்தானில் முற்றிலும் உடைகிறது. அலெக்சாண்டர் வினொகூரோவ் 2012 லண்டன் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தை வென்றவர். 2007ல் ரத்தம் ஏற்றிய குற்றத்துக்குத் தடை பெற்றவர் என்பதால் அந்தக் கதை கறையற்றது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்நாட்டைச் சாலை நாடாக்கியது அஸ்தானா என்ற அணி, மரபணு அல்ல. எரித்ரியாவின் பினியம் கிர்மாய் 2022ல் ஹென்ட்-வெவெல்ஹெம் பந்தயத்தை வென்றார், 2024ல் பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் மூன்று கட்டங்களும் புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியும் பெற்றார். இத்தாலியர் விட்டுச்சென்ற சைக்கிள் பழக்கம் அங்கே ஊர்தோறும் பந்தயமாக வளர்ந்ததன் விளைவு அவர். ஏறத்தாழ இருபது லட்சம் மக்களே உள்ள ஸ்லோவேனியா பொகாச்சரையும் ரோக்லிச்சையும் ஒரே தலைமுறையில் தந்தது. பந்தய நாள்கள்தான் சைக்கிளோட்டியை உருவாக்குகின்றன. உயர்தட்டு ஐரோப்பியர் ஆண்டுக்கு அறுபது எழுபது நாள்கள் உச்சத் தரத்தில் மோதுகிறார்; மலேசிய அணி ஒன்றில் ஓடுபவருக்கு அந்தத் தரத்தில் கிடைப்பது லங்காவியின் எட்டு நாள்களும் இன்னும் சிலவும்தான்.

வெப்பம் பற்றிய பேச்சும் தலைகீழானது. ஈப்போவின் பிற்பகல் வெயிலும் ஈரப்பதமும் சைக்கிளோட்டியை வளரவிடாது என்பார்கள். இன்று ஐரோப்பிய அணிகள் குளிர்காலத்தில் அறைக்குள் கனத்த உடையணிந்து ஓட்டி, உடல் வெப்பத்தை வேண்டுமென்றே உயர்த்துகின்றன. ரத்தத்தின் நீர்மமும் ஹீமோகுளோபினும் பெருகும் என்பதற்காக. அவர்கள் செலவழித்துத் தேடுவது இங்கே கதவைத் திறந்தாலே கிடைக்கிறது. மறுபக்கமும் உண்டு: இந்த வெக்கையில் நீண்ட கடும் பயிற்சியை ஐரோப்பியர் அளவுக்கு இழுக்க முடியாது, வியர்வை ஆவியாகாமல் வழியும். அதனால்தான் இங்குள்ளவர்கள் விடியலில் ஓட்டுகிறார்கள். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும், லங்காவி எட்டே நாளில் முடிந்துவிடும். அந்த இடைவெளி உள்ளூர்க்காரருக்குச் சாதகம். அதைப் பயன்படுத்தும் தந்திரம் இருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

கடைசிக் கூற்று தமிழர்களைப் பற்றியது. தோட்டப்புறத்துக்கும் சைக்கிளுக்கும் உறவில்லை என்பவர் வரலாற்றைப் பின்பக்கமாகப் படிக்கிறார். 1877ல் சிங்கப்பூர் வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. 1888ல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரை ஜோன் பாய்ட் டன்லப் முதலில் செய்தது தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. அந்த டயரின் தேவையும், பின்னர் மோட்டார் வாகனத்தின் தேவையும்தான் பேராவின் காடுகளைப் பால்மரத் தோட்டங்களாக்கின, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியே ஆள்களைக் கொண்டுவந்தன. சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் தாப்பாவிலும் லயத்திலிருந்து வெட்டுக்காட்டுக்கும், பால் வாளியோடு ஸ்டோருக்கும் மனிதர்களைச் சுமந்தது சைக்கிள். இன்றும் நேர ஓட்டத்தில் சிலர் விரும்பி மாட்டுவது பால்மரத்துப் பாலால் செய்த டியூப்தான். உருளும்போது அதில் வீணாகும் வலு குறைவு. ஆனால் காற்று ஒரே இரவில் இறங்கிவிடும் என்பதால் பணியாளர் காலைதோறும் அடிக்க வேண்டும். டியூப் இல்லாத டயர் வந்த பின் அந்தப் பழக்கம் குறைந்துவருகிறது.

உறவு அறுந்தது வேறு காரணத்தால். சைக்கிள் வேலைக்கருவியாக இருந்தது. கூலியின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. காசு கொஞ்சம் சேர்ந்ததும் முதலில் விடப்பட்டது. அந்த இடத்தில் காப்சாய் மோட்டார் சைக்கிள் வந்தது. பால்மரம் செம்பனையாக, செம்பனை வீடமைப்பாக மாற, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓர அடுக்குமாடிகளுக்குப் போயின. அங்கே பிள்ளைகளைச் சாலையில் சைக்கிளோடு விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. கூடவே விலை: பந்தயத் தரத்துக் கார்பன் சைக்கிள் பல்லாயிரம் ரிங்கிட். இந்தத் தடை உண்மை, அதை மறுப்பது வீண்பேச்சு. ஆனால் தடையை இயலாமையாக மாற்றிப் பேசுவது வேறு விஷயம். 1980களின் இறுதியிலும் 1990களிலும் தேசிய அணிக்கு ஓடி ஒலிம்பிக் வரை சென்ற முருகையன் குமரேசன் தமிழர்தானே? அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு உடம்பிலோ இனத்திலோ பதில் இல்லை. பள்ளி, மன்றம், பாதுகாப்பான சாலை, ஒரு பழைய சைக்கிளைக் கடனாகக் கொடுக்கும் ஆள் ஆகியவற்றில் இருக்கிறது. செம்பனைக்கு நடுவே இன்னும் கிடக்கும் தோட்டத்துச் செம்மண் பாதைகள், கார் இல்லாத பயிற்சித் தடங்களாகவே இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகு பேரா வாசகர் 2026ல் எதைப் பார்ப்பது? ஜூலை 4ல் பார்சலோனாவில் தொடங்கும் பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் பொகாச்சரைப் பார்க்கட்டும், கூடவே அவருக்கு முன்னால் இருக்கும் போலிட்டையும். விங்கெகோரின் அணியில் வான் ஆர்ட் எந்த நாளில் காலையிலேயே முன்னால் ஓடுகிறார் என்று பார்க்கட்டும். அந்த நாளில் மாலையில் ஏதோ நடக்கும். டெல் டோரோ, 2025ல் பிரான்சில் நான்காவதாக வந்த பிரிட்டனின் ஆஸ்கர் ஓன்லி ஆகியோரைத் தலைவராகவா, துணையோட்டியாகவா அணிகள் அனுப்புகின்றன என்பதிலிருந்தே அவர்கள் ஆண்டைக் கணிக்கலாம். லங்காவி வரும்போது மலேசிய அணிகளை வெற்றியைக் கொண்டு அளக்க வேண்டாம். காலையில் பிரிந்துபோகும் குழுவில் எத்தனை நாள் ஆள் அனுப்பினார்கள், சிறந்த ஆசியருக்கான ஜெர்சிக்கு யார் போராடுகிறார், மலைக்கு முந்தைய பத்துக் கிலோமீட்டரில் தலைவரை எத்தனை பேர் சூழ்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும். இந்த மூன்றிலும் கூடுதல் தெரிந்தால் அந்த அணி வளர்கிறது. தெரியாவிட்டால் ஒரு கட்ட வெற்றி கிடைத்தாலும் அது அதிர்ஷ்டம்.

வெலோட்ரோம்தான் மலேசியர் இடம் என்ற எண்ணம் 2026ல் இன்னும் வலுக்கவே வாய்ப்பு அதிகம். ஜூலையில் கிளாஸ்கோவில் தொடங்கும் சுருக்கப்பட்ட காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் வெலோட்ரோம் ஓட்டங்கள் மட்டுமே உண்டு, சாலைப் பந்தயம் இல்லை. செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். இங் ஜூ ஙான் 48 ஆண்டுகளுக்கு முன் வென்ற அந்தச் சாலைத் தங்கத்துக்கான பந்தயம், செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருக்கிறது.